காவலுக்குப் பெரிய கட்டாக்காலி நாயை எடுத்து வளர்த்தல்

காலபோக நெல் குடலைப் பருவத்தை எட்டியதும் வன்னிக் கமக்காரர் பன்றிக் காவலுக்கு நாய் தேடத் தொடங்குவர். தோட்டக்காரருக்கோ குரங்கும் மயிலும் முள்ளம்பன்றியும் ஆண்டு முழுவதும் தொல்லை. கடைத்தெருவில் திரியும் நாய்களுள் உயர்ந்து பருத்த கலப்பின நாயொன்றைக் கண்டால், நாலு நாள் சோறு வைத்து, கழுத்திற் கயிறிட்டு வயலுக்குக் கொண்டுசெல்வது வழக்கம். அறுவடை முடிந்ததும் அந்த நாய் களத்திலேயே கைவிடப்படும். சிறுபோகத்துக்கு நீரில்லாத ஊர்களில் அடுத்த மழைவரை அது எவருடைய ஆட்டுக்குட்டியையேனும் பிடித்துத்தான் உயிர்வாழ வேண்டும். கட்டாக்காலி நாய் பெருத்துவிட்டதென்று முறையிடுவோருள் நாமும் இருக்கிறோம். அவற்றுட் சிலவற்றை அவிழ்த்துவிட்டவர்களும் நாமே.

2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டு நாய்களை விட்டுச்செல்ல நேர்ந்தது. அது வேறு வழியில்லாத காலம். இன்று அவ்வாறு விடுவதற்குக் காரணமில்லை. கட்டாக்காலி நாய்களைக் கொல்லாது, தடுப்பூசியாலும் கருத்தடையாலும் கட்டுப்படுத்துவதே 2006 முதல் அரசின் கொள்கை. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை ஆதரவற்ற நாய்களுக்கெனச் சரணாலயமொன்றை அமைத்தது. எனினும் எல்லா நாய்களையும் ஒரு சரணாலயம் தாங்காது.

ஆகவே நாயை எடுக்குமுன் அதன் ஓராண்டுத் தீனியைக் கணக்கிடுக. முப்பது கிலோ எடையுள்ள நாய்க்கு நாள்தோறும் இருவேளை உணவு வேண்டும். வெறுஞ்சோறு போதாது, மீன்தலை, இறைச்சித் துண்டு, முட்டை இவற்றுள் ஏதேனும் அவித்துச் சேர்க்க வேண்டும். அவித்த கோழியெலும்பு பிளந்து குடலைக் குத்தும். வெங்காயம், சின்ன வெங்காயமாயினும், நாயின் குருதியைக் கெடுக்கும். கறிச்சட்டி மிச்சத்தை ஊற்றுவோர் இதனை மறவாதிருக்க. இச்செலவு இயலாதெனில் சிறிய நாயே போதும். குரைப்பதற்கு உடற்பருமன் வேண்டியதில்லை.

அடுத்தது விசர்நோய். நோய் வெளிப்பட்டபின் மனிதருக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் மருந்தில்லை. எடுத்த முதல் வாரத்திலேயே மிருக வைத்தியரிடம் கொண்டுசென்று தடுப்பூசி ஏற்றுக. பின் ஆண்டுதோறும் ஏற்றுக. ஆனால் ஊசி ஏற்றியதும் அச்சம் நீங்கியதென்று எண்ணலாகாது. முன்பே விசர்நாயாற் கடியுண்ட நாயில் நோய் வெளிப்படப் பல வாரங்கள், சிலவேளை பல மாதங்கள் செல்லும். அக்காலத்திற் குணம் மாறி, வாய்நீர் ஒழுகி, தீனை விழுங்க இயலாது தவிக்குமாயின் அருகிற் செல்லாது பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க. கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்க. மஞ்சள் அப்பிவிட்டு வீட்டிலிருத்தல் பெருந்தவறு.

கருத்தடையையும் அப்போதே கேட்டறிக. பெட்டைநாய் சினைப்பட்டு ஏறத்தாழ 63 நாளிற் குட்டி ஈனும். அக்குட்டிகளே அடுத்த ஆண்டின் கட்டாக்காலிகள். எலிக்காய்ச்சற் கிருமி நாயின் சிறுநீராலும் பரவக்கூடுமாதலால், கிணற்றடியில் நாயைக் கட்டற்க.

பழக்குவதில் அவசரம் ஆகாது. ஒட்டுசுட்டானுக்கு அப்பாலுள்ள கமக்காரர் ஒருவர் நல்ல பெரிய நாயொன்றை எடுத்து மூன்றாம் நாளே அவிழ்த்துவிட்டார். விடியும்போது நாலு மறியாடுகள் குரல்வளை கடியுண்டு கிடந்தன. நாயை அடித்துக் கொன்றார்கள். பிழை நாயினதன்று, பசியால் வேட்டையாடிப் பழகிய பிராணிக்கு எது வேட்டை, எது வீட்டாடு என்று எவரும் காட்டவில்லை. முதல் மூன்று வாரமாயினும் நிழலில் நீண்ட கயிற்றிற் கட்டி, ஒருவரே தீனிடுக. ஆடு, கன்று, கோழி ஆகியவற்றின் அருகே கயிற்றோடு நாள்தோறும் நடத்துக. பாயாது அமைதியாய் நின்றால் உடனே ஒரு துண்டு மீன் கொடுக்க. சிறுபிள்ளைகளை அதனோடு தனியே விடலாகாது. அடித்துப் பழக்கிய நாய் அடிப்பவர் இல்லாதபோது கடிக்கும்.

வயலிற் காவற்கொட்டிலின் அருகே கட்டிவைக்க. குரைத்து உங்களை எழுப்புவதே அதன் தொழில். டோச் வெளிச்சத்தோடு பன்றியை விரட்ட வேண்டியவர் நீங்கள். தனிநாய் ஆண்பன்றியோடு மோதினால் கொம்பு வயிற்றைக் கிழித்துவிடும். யானை நடமாடும் இடங்களில் கயிறு மிகவும் அவசியம்: அவிழ்த்த நாய் யானையைச் சீண்டிவிட்டு எசமானிடமே ஓடிவரும், பின்னால் யானையும் வரும். பன்றிவெடி வைக்கும் பக்கங்களில் இரையை முதலிற் கவ்வுவது பெரும்பாலும் நாயே. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணியோரத்தில் பகலிலும் அவிழ்க்கற்க; நாய் உள்ளே ஓடினால் அதனைத் தேடிப் பிள்ளைகளும் புகுவர்.