பைப்புக்குள் போட்டுவிட்டால் கவலையில்லையா?

நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் நடுவே கீழ்வேளூர் பக்கம் அரிசி ஆலையோ மண்டபமோ மருத்துவமனையோ கட்டுகிறவர்கள் ஜன்னல் கிரில்லுக்கு மூன்று இடத்தில் விலை கேட்பார்கள். லேன் கேபிளுக்கு ஓரிடத்தில்கூடக் கேட்க மாட்டார்கள். “கரண்டு வேலை பார்க்கிறவரே இழுத்துடுவாரு சார்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மற்ற நம்பிக்கைகள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவைதான்.

நம்பிக்கை: வைஃபை வந்த பிறகு கேபிள் வீண்செலவு.

கூரையில் மாட்டும் வைஃபை பெட்டிக்கே ஒரு கேபிள் போயாக வேண்டும். இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

நம்பிக்கை: கேபிளில் ‘கேட் 6’ தரம் என்று அச்சிட்டிருந்தால் கேட் 6தான்.

சந்தையில் பாதி விலைக்கு வரும் பல பெட்டிகளில் இருப்பது அலுமினியக் கம்பி. மேலே மெல்லிய செம்புப் பூச்சு. சர்வதேசத் தரநிலைகள் ஏற்பது முழுச் செம்பை மட்டுமே. அலுமினியத்தில் மின்தடை செம்பைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. டேட்டா எப்படியோ ஓடிவிடும். அதே கேபிளில் மின்சாரமும் வாங்கும் சிசிடிவி கேமராதான் காட்டிக்கொடுக்கும். இருட்டியதும் அதன் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்து, கூடுதல் கரண்டு இழுக்கும். நீளமான லைன் என்றால் முனையில் வோல்டேஜ் போதாமல் கேமரா அணைந்து அணைந்து எழும். “பகல்ல நல்லாத்தான் இருக்கு, ராத்திரிதான் போயிடுது” என்று பலர் கேமராவை மாற்றிக்கொண்டிருப்பார்கள். குற்றம் கேமராவில் இல்லை. வாங்கும்போதே ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். 305 மீட்டர் பெட்டி கையில் லேசாக இருந்தாலும் சந்தேகப்படலாம்.

நம்பிக்கை: மண்ணுக்கடியில் பிவிசி பைப் போட்டுவிட்டால் தண்ணீர் அண்டாது.

வேறு ஊரில் இப்படி நினைத்தால் மன்னிக்கலாம், டெல்டாவில் முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வயலும் தெருவும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது பைப்பும் நிரம்பித்தான் இருக்கும். கட்டடத்துக்குள் ஓட்டும் சாதாரணக் கேபிளின் மேலுறை நீரில் ஊறிக் கிடப்பதற்குச் செய்யப்பட்டதல்ல. அதோடு இடி. ஆலை அலுவலகத்துக்கும் வாசல் எடை மேடைக்கும் நடுவே செம்பு ஓடினால், அருகில் எங்காவது விழும் மின்னல் இரு முனைச் சாதனங்களையும் சேர்த்து எரித்துவிடக்கூடும். இரண்டு கட்டடங்களின் எர்த்தும் வேறு வேறாக இருப்பது இன்னொரு வம்பு. கட்டடம் விட்டுக் கட்டடம் போனால் ஃபைபர்தான். அது கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. நெல் குடோன் எலிக்கு ஃபைபரும் ஒன்றுதான், செம்பும் ஒன்றுதான். அதனால் கவசமுள்ள ஃபைபர் போட வேண்டியிருக்கும். கவசம் இரும்பாக இருந்தால் அதற்கு முறையான எர்த் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மின்னலுக்கு நாமே மறுபடி வழி போட்டுக்கொடுத்த மாதிரி.

எடை மேடைக்கு ஃபைபர் என்பதற்கு இன்னொரு காரணம் தூரம். ஈதர்நெட் செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர்: சுவருக்குள் 90, இரு முனைப் பேட்ச் கார்டுகளுக்கு 10. வரைபடத்தில் 80 மீட்டர் என்றிருப்பது தூணில் ஏறி, பீமைச் சுற்றி, ரேக்கில் இறங்கும்போது எல்லையைத் தாண்டிவிடலாம்.

நம்பிக்கை: கரண்டு வயரோடு ஒரே பைப்பில் போட்டால் சிக்கனம்.

எங்காவது இன்சுலேஷன் உரிந்தால் 230 வோல்ட் நேராகக் கணினிக்கு வரும். ஆலை மோட்டார்களின் மின் இரைச்சல் வேறு சிக்னலைக் கெடுக்கும். தனிப் பைப், தனிப் பாதை, பேரம் வேண்டாம்.

நம்பிக்கை: டெஸ்டரில் 8 விளக்கும் எரிந்தால் வேலை முடிந்தது.

அந்தச் சின்ன டெஸ்டர் சொல்வது, எட்டுக் கம்பியும் வரிசையாக மாட்டியிருக்கின்றன என்பதை மட்டும். முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரித்திருந்தாலும், மூலையில் கேபிளை மடக்கி நசுக்கியிருந்தாலும் விளக்கு எரியத்தான் செய்யும். வேகத்துக்குத் தாங்குமா என்பதை அளக்கச் சான்றிதழ் தரும் கருவி தனியாக உண்டு. விலை அதிகம் என்பதால் எல்லோரிடமும் இருக்காது, வாடகைக்கு எடுக்கலாம்.

எனவே கொட்டேஷனிலேயே மூன்றை எழுதி வாங்குங்கள்: முழுச் செம்புக் கேபிள், ஒவ்வொரு பாயிண்டுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட், எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற வரைபடம். சுவர் பூசுவதற்கு முன் பைப் போகும் பாதையைப் போட்டோ எடுத்துவையுங்கள். ரிப்போர்ட் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.