காவல் நாய்: ஜாதிக் குட்டியை விலைக்கு வாங்குவதா, கைவிடப்பட்டதை எடுத்து வளர்ப்பதா?

கோமுகி, மணிமுத்தா நதிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைவிக்கும் கள்ளக்குறிச்சிச் சமவெளிக் குடியானவர்களுக்கும், கல்வராயன் மலைமேல் மரவள்ளியும் சாமையும் பயிரிடும் மலைக் குடிகளுக்கும் நாய் வெறும் பொழுதுபோக்குப் பிராணியன்று. களம், மோட்டார்க் கொட்டகை, ஆட்டுப்பட்டி ஆகியவற்றின் இராக்காவல் பெரும்பாலும் அதனிடமே உள்ளது. இராஜபாளையம், சிப்பிப்பாறை முதலிய ஜாதிக் குட்டிகளை விலை கொடுத்து வாங்கும் விருப்பம் இப்பொழுது பலருக்கு உண்டாகியிருக்கிறது. அதே சமயத்தில், வேண்டாமென்று விடப்பட்ட குட்டிகள் ஏரிக்கரைகளிலும் சந்தைத் திடல்களிலும் திரிகின்றன. இவ்விரண்டில் எதைக் கொள்வது நலம் என்பதை இங்கு ஆராய்வோம்.

1. முதலில் தீர்மானிக்க வேண்டியது

நாய் எந்த வேலைக்கு வேண்டும் என்பதே முதற்கேள்வி. கன்னி, சிப்பிப்பாறை என்பவை தென் ஜில்லாக்களின் வறண்ட வெளிகளில், இரையைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பதற்கென வளர்க்கப்பட்டவை. இவை நாள்தோறும் ஓட இடம் வேண்டும். சங்கிலியிலேயே கிடந்தால் குணம் கெடும். காட்டோரத்தில் அவிழ்த்து விட்டாலோ, முயலையும் மானையும் துரத்தும். வனவிலங்குகளின்மேல் நாயை ஏவுவது 1972ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாகவே கருதப்படும் என்பதை மலையடிவாரத்து நிலக்காரர்கள் மறத்தலாகாது. இராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கு ஏற்றவையே. ஆயினும் பழக்கத் தெரியாதவர் கையில் அக்காவற்குணமே வீட்டிற்கு வருவோர்க்கு ஆபத்தாய் முடியும்.

2. விலைக்கு வாங்கும் குட்டி

ஜாதிக் குட்டியின் உருவமும் பொதுவான சுபாவமும் முன்னரே ஓரளவு தெரிந்தவை என்பது பெரிய அநுகூலம். நம் நாட்டு ஜாதிகள் அழியாமல் காக்கப்படுவதும் நல்லதே. 2005ஆம் வருஷத்தில் இந்தியத் தபால் இலாகா வெளியிட்ட நாய்த் தபால்தலைகளுள் இராஜபாளையமும் இடம்பெற்றது.

ஆயினும் ஒரு குறையைக் கவனிக்க வேண்டும். தூய வெள்ளை நிறத்தையே விரும்பி, நெருங்கிய உறவு நாய்களையே இணைத்து வந்தமையால், இராஜபாளையம் குட்டிகளிற் சில பிறவிச் செவிடாக இருப்பதுண்டு. செவிட்டு நாய் காவலுக்கு உதவாது. குட்டியைத் தனியே பிரித்து, அது காணாதபடி பின்புறம் நின்று கைதட்டிப் பார்த்தபின்னரே பணம் கொடுத்தல் வேண்டும்.

2017ஆம் வருஷத்து மத்திய அரசாங்க விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. ஆகவே வாங்குவோர், பதிவுச் சான்றையும் தடுப்பூசிக் குறிப்பையும் கேட்பதோடு, தாய் நாயையும் அது இருக்கும் இடத்தையும் நேரிற் பார்க்க வேண்டும். தாயைக் காட்ட மறுப்பவரிடமும், சந்தையில் கூடையில் வைத்து விற்பவரிடமும் வாங்காதிருத்தலே உத்தமம்.

3. கைவிடப்பட்ட நாய்

ஊர் நாய் இவ்விடத்து வெயிலுக்கும் கூழுக்கும் பழகியது. இனக்கலப்பினால் பிறவிக் குறைகள் அதற்குக் குறைவு. வளர்ந்த நாயாக இருப்பின் அதன் குணத்தை நேரில் கண்டே ஏற்கலாம். குட்டியினிடத்தில் அது இயலாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டிற்கு, சாந்தமென்று நன்கறியப்பட்ட வளர்ந்த நாயே ஏற்றதாகும்.

இதன் தீமை யாதெனில், முன் வரலாறு தெரியாமையே. வெறிநோயின் விஷக்கிருமி வெளித்தோன்றாமல் உடலிற் சில மாதங்கூட இருக்கலாம். ஆதலால் எடுத்தவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டி, 3 மாதம் கடந்ததாயின் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்கி, உண்ணிகளைக் களைந்து, சில வாரங்கள் மற்றப் பிராணிகளோடும் குழந்தைகளோடும் சேராமல் வைத்துக் கவனிக்க வேண்டும். மேய்ந்து வரும் ஆடுகளைக் கண்டு பாயும் நாயைப் பட்டிக்காவலுக்கு வைக்கலாகாது.

4. பெண் குட்டியைப் பற்றி

கிராமங்களில் ஆண் குட்டியை வைத்துக்கொண்டு, பெண் குட்டிகளை ஊருக்கு வெளியே விட்டுவிடும் வழக்கம் உண்டு. இதுவே பல தொல்லைகளுக்கு மூலம். பெண் நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள். ஆண்டுக்கு இருமுறை குட்டி போடக்கூடும். இன்று விடப்பட்ட குட்டி இரண்டொரு வருஷத்தில் ஒரு கூட்டத்திற்கே தாயாகிறது. 2024, 2025ஆம் வருஷங்களில் ஈரோடு, திருப்பூர் ஜில்லாக்களில் தெருநாய்க் கூட்டங்கள் பட்டிகளிற் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், குடியானவர்கள் நஷ்டஈடு கோரியதும் யாவரும் அறிந்தவை. நாம் ஏரிக்கரையில் விடும் குட்டி நம் பட்டிக்கே திரும்பி வரும்.

பெண் நாயும் காவலில் ஆணுக்குக் குறைந்ததன்று. ஊர் சுற்றுவதும் குறைவு. சுமார் 6 மாத வயதில் கருத்தடை செய்வித்துவிட்டால் குட்டிகளின் தொல்லையும் இல்லை.

5. கிராம அலுவலர்கள் செய்யத்தக்கவை

2023ஆம் வருஷத்துப் பிராணிகள் கருத்தடை விதிகள், தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்விக்கும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களுக்கு அளித்துள்ளன. ஊரில் எந்தத் தெருவில் குட்டிகள் பிறந்துள்ளன என்று குறித்து, கால்நடை மருத்துவரைக் கொண்டு முகாம் நடத்தி, ஏற்க விரும்புவோரிடம் ஒப்புவிக்கலாம். எடுத்தவர் மீண்டும் தெருவில் விடலாகாது. 2025 ஆகஸ்டு 22ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவும் சுவீகரித்தவருக்கு இதே கடமையை விதித்தது.

எந்த நாய் கடித்தாலும், நகத்தாற் கீறினாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி முதலியவற்றைத் தடவலாகாது. நோய்க்குறி கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது.

6. முடிவு

விலை ஒருமுறை, சோறும் ஊசியும் 10 ஆண்டுக்கு மேலும் தொடர்வன. ஓட இடமும், பழக்கப் பொழுதும், ஜாதியைக் காக்கும் கருத்தும் உடையவர், தாயைக் கண்டு ஜாதிக் குட்டியை வாங்கலாம். மற்றையோர் யாவருக்கும், தம் ஊரிலேயே பிறந்த ஒரு பெண் குட்டியை எடுத்து, தடுப்பூசியும் கருத்தடையும் செய்வித்து வளர்ப்பதே சிலாக்கியம். இதனால் வீட்டிற்குக் காவல் கிடைப்பதுடன், ஊரார் ஆடுகளுக்கு நேரும் அபாயமும் குறையும்.