சாதிக்காய்த் தீவுகள்



நம் தோட்டத்து வீடுகளில் கைக்குழந்தை இருக்குமாயின், அங்கே ஓர் உரைகல்லும் இருக்கும். வசம்பு, மாசிக்காய், சுக்கு ஆகியவற்றோடு சாதிக்காயையும் அக்கல்லில் உரைத்துத் தாய்ப்பாலில் குழைத்துப் பாட்டியர் புகட்டுவர். வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் பஞ்சவாசத்துள் சாதிக்காயும் ஒன்றெனப் பழைய நூல்கள் கூறும். இவ்வளவு பழகிய அக்காய் எங்கிருந்து வந்தது என்று சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் வினவினோம். “கடையிலிருந்து, ஐயா!” என்றான் ஒரு மாணவன். வகுப்பு நகைத்தது; நாமும் நகைத்தோம். ஆயினும் அவனைக் குறைகூற இயலாது. ஐரோப்பியரும் பல நூற்றாண்டுகள் வெனிஸ் நகர வணிகரிடம் பெரும்பொருள் கொடுத்து அதனை வாங்கினரேயன்றி, விளையும் இடத்தை அறிந்தாரல்லர்.

அவ்விடம் இந்தோனேசியாவின் மலுக்குப் பகுதியில் உள்ள பண்டா தீவுகள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உலகச் சந்தைக்கு வந்த சாதிக்காய் ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்தே வந்தது. பள்ளி விடுமுறையில் நாமும் நண்பராகிய ஆசிரியர் ஒருவரும் அத்தீவுகளுக்குச் சென்று மீண்டோம். கண்டவற்றையும் அதற்கு முன்னும் பின்னும் கற்றவற்றையும் இங்கே எழுதுகின்றோம். மாணவர்கள் நிலப்பட நூலை அருகில் வைத்துக்கொண்டு படித்தல் நலம்.

படத்தில் ஜாவாத் தீவிலிருந்து கிழக்கே விரலை நகர்த்துங்கள். செராம் என்னும் பெருந்தீவின் தெற்கே கடலில் சில புள்ளிகள் தென்படும். சில படங்களில் அவையும் இரா. அம்போன் நகரிலிருந்து அவ்விடம் 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவு. நாம் இரவுக் கப்பலில் சென்றோம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கடல் கொந்தளிக்கும் என்பதால் ஆண்டிறுதி விடுமுறையைத் தேர்ந்தோம். அப்படியிருந்தும் நண்பர் உண்டதெல்லாம் கடலுக்கே ஈந்தார்.

விடியற்காலையில் கடலின் நடுவே கூம்பு போன்ற ஒரு மலை தனித்து எழுந்து நின்றது. அதன் பெயர் குனோங் அப்பி, அதாவது நெருப்பு மலை. உயரம் ஏறக்குறைய 640 மீட்டர். மலைதான் தீவு, தீவுதான் மலை. அதன் எதிரே நெய்ரா என்னும் சிறு தீவு. தெற்கே பிறை வடிவில் பெரிய பண்டா. இம்மூன்றும் முன்னொரு காலத்தில் வெடித்து உள்ளிழிந்த ஒரு பெரும் எரிமலையின் எச்சங்கள் என்பர் நிலவியலார். சட்டியொன்று உடைந்து, அதன் விளிம்பின் துண்டுகள் மட்டும் நீருக்கு மேலே தெரிகின்றன என்று கொள்க. அவற்றின் இடையே கடல் அமைதியாகத் தேங்கி, கப்பல்கள் தங்கத்தக்க துறைமுகமாகிவிட்டது. பூமியின் மேலோடு பல தட்டுகளாக அமைந்துள்ளது. இப்பகுதியில் ஒரு தட்டு மற்றொன்றின் கீழ்ச் செருகுவதால், ஆழத்தில் பாறை உருகி மேலெழுந்து எரிமலைகளை ஆக்குகின்றது.

1988ஆம் ஆண்டு மே மாதத்தில் குனோங் அப்பி வெடித்தது. மக்கள் படகுகளில் வெளியேற்றப்பட்டனர். தீக்குழம்பு மலைச்சரிவில் வழிந்து கடலில் இறங்கியது. அது சென்ற இடத்துப் பவளப் பாறைகள் யாவும் மாண்டன. அவை மீள ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஆகும் என்று நாம் நினைத்திருப்போம். ஐந்தே ஆண்டுகளில் அக்கரும்பாறையின் மேல் 90 செண்டிமீட்டர் அகலமுள்ள பவளங்கள் வளர்ந்திருக்கக் கண்டு ஆராய்ச்சியாளர் வியந்தனர். 124 வகைப் பவளங்களை அங்கே எண்ணினர். நாம் படகில் அவ்விடத்தைக் கடந்தபோது தெளிந்த நீரினூடே அவற்றை விரிந்த தட்டுகள் போலக் கண்டோம். மலையுச்சி ஏறவும் முயன்றோம். பாதை செங்குத்து; காலின் கீழ்ச் சரளைக்கல் சரிகின்றது. நண்பர் உச்சியடைந்து, அங்கு நிலம் சுடுகின்றது, பிளவுகளில் ஆவி வருகின்றது என்று வந்து கூறினார். நாம் பாதி வழியில் ஒரு மரத்தடியில் அமர்ந்து அவருக்காகக் காத்திருந்தோம் என்பதை மறைப்பானேன்!

எரிமலைச் சாம்பல் மண்ணை வளமாக்கும். அவ்வளமே சாதிக்காய். பெரிய பண்டாவில் படிகள் பல ஏறிக் காட்டினுள் நுழைந்தால், கெனாரி என்னும் நெடுமரங்கள் குடை பிடித்து நிற்கின்றன. அவற்றின் நிழலில்தான் சாதிமரம் செழிக்கும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நட்டு ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்தே காய் பறிக்க வேண்டும். காய் வெளிர்மஞ்சள் நிறம். முற்றியதும் இரண்டாகப் பிளக்கும். உள்ளே கரும்பழுப்புக் கொட்டை. அதனைச் சுற்றிச் செந்நிறப் பின்னல். அப்பின்னலே சாதிபத்திரி, கொட்டையினுள் இருக்கும் பருப்பே சாதிக்காய். செம்பனைக் குலை அறுக்க நாம் நீண்ட கழியில் அரிவாள் பொருத்துகின்றோம். அங்கே கழியின் முனையில் சிறு மூங்கிற்கூடை. காய் கூடைக்குள்ளேயே விழுகின்றது. அதனைப் பயன்படுத்திக் காட்டிய முதியவரிடம் மலாய் மொழியில் பேசினோம். அவரும் அம்மொழியின் உள்ளூர் வழக்கில் விடையளித்தார். அவருடைய மூதாதையர் எவ்வூரார் என்று கேட்டதற்கு, “ஜாவாவிலிருந்து வந்தவர்கள்” என்றார். அவ்விடையில்தான் இத்தீவுகளின் வரலாறு அடங்கியுள்ளது.

பண்டாவின் பழைய மக்களுக்கு அரசன் இல்லை. ஓராங் காயா எனப்படும் ஊர்ப் பெரியோர் கூடி முடிவு செய்வர். அவர்கள் தேர்ந்த கடலோடிகள். அவர்களுடைய சாதிக்காய் மலாக்காவை அடைந்தது. அம்மலாக்காவில் சோழமண்டலக் கரைத் துணியைக் கொடுத்து வாசனைப் பொருள்களைக் கொண்டவர்களுள் தமிழ் வணிகரும் இருந்தனர். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், மறு ஆண்டே மலாய் மாலுமிகளை வழிகாட்டிகளாகக் கொண்டு பண்டாவை அடைந்தனர். 1599இல் டச்சுக்காரர் வந்தனர். தமக்கே அன்றிப் பிறருக்கு விற்றலாகாது என்று ஒப்பந்தத் தாள்களை நீட்டினர். அரிசிக்கும் துணிக்கும் பிற தீவினரை நம்பியிருந்த மக்கள் அதனை எங்ஙனம் காப்பாற்ற இயலும்? பூசல் முற்றி, 1609இல் டச்சுத் தளபதி ஒருவரும் அவருடன் வந்தவர்களும் கொல்லப்பட்டனர்.

1621ஆம் ஆண்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் பெரும்படையுடன் வந்தார். பெரிய பண்டா வீழ்ந்தது. மே மாதம் 8ஆம் நாள் நெய்ராவிலுள்ள நசாவ் கோட்டையருகே 44 ஓராங் காயாக்கள், கூலிக்கு அமர்த்தப்பட்ட ஜப்பானிய வாள்வீரரால் வெட்டுண்டனர். ஏனையோர் போரிலும் பசியிலும் மடிந்தனர். சிலர் பத்தாவியாவிற்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். சிலர் படகேறித் தப்பினர். ஏறக்குறைய 15,000 எனக் கணக்கிடப்படும் மக்களுள் தீவுகளில் எஞ்சியோர் ஆயிரவர் அளவே.

மரங்கள் இருந்தன, காய் பறிக்க ஆள் இல்லை. நிலம் 68 பங்குகளாக வகுக்கப்பட்டு டச்சுக் குடியேறிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உழைப்பதற்குப் பிற தீவுகளிலிருந்தும் இந்தியக் கரைகளிலிருந்தும் அடிமைகள் கொணரப்பட்டனர். 1860இல் அடிமை முறை ஒழிந்தபின், ஜாவாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொணர்ந்தனர். மரத்தை நிரையாக நட்டு, ஆளைக் கடல் கடந்து கொணர்ந்து, விலையை வேறொரு நாட்டில் முடிவு செய்யும் முறை பால்மரத்தோடு தொடங்கியது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அது தொடங்குவதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பண்டாவில் அம்முறை இருந்தது. பெரட்டுக் களத்தில் நின்று பழகிய நம் முன்னோருக்கு அந்த முதியவரின் கதையை விளக்க வேண்டியிராது.

சாதிமரம் வேறெங்கும் முளைக்கக் கூடாதெனக் கம்பெனியார் கொட்டைகளைச் சுண்ணாம்பில் தோய்த்தே ஏற்றுமதி செய்தனர். ஆனால் அக்காயை முழுதாக விழுங்கிப் பறக்கும் காட்டுப்புறாக்களுக்கு எந்த ஆணை செல்லும்? மேற்கே ரன் என்னும் தீவு உள்ளது. நீளம் 3 கிலோமீட்டர் அளவே. ஆங்கிலேயர் அதற்கு உரிமை கொண்டாடினர். 1667ஆம் ஆண்டின் பிரேடா உடன்படிக்கையில் அத்தீவு டச்சுக்காரருக்கென்றும், வட அமெரிக்காவில் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கென்றும் முடிவாயிற்று. இன்று மன்ஹாட்டனில் வானளாவிய மாளிகைகள். ரன் தீவில் சில நூறு வீடுகளும் சாதிமரங்களும். அக்காலத்தில் இப்பரிமாற்றத்தில் டச்சுக்காரர் ஏமாந்தனர் என்று ஒருவரும் கூறியிரார்.

1796 முதல் 1802 வரை பண்டா ஆங்கிலேயர் வசம் இருந்தபோது கன்றுகள் பினாங்குக்கு வந்தன. சிங்கப்பூரிலும் சாதித்தோட்டங்கள் எழுந்தன. ஆர்ச்சர்டு சாலையின் பெயர் அத்தகைய தோட்டங்களை நினைவூட்டுவது. நோய் கண்டு 1860ஆம் ஆண்டுகளில் அவை பெரும்பாலும் அழிந்தன. மலாய் மொழியில் சாதிக்காய் ‘புவா பாலா’ எனப்படும். அப்பெயரைத் தாங்கிப் பினாங்கில் ஒரு கம்பம் இருந்தது. தமிழர் மாடு வளர்த்துப் பல தலைமுறை வாழ்ந்த அவ்விடத்து வீடுகள் 2009ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டன.

நெய்ராவில் நம் மனத்தைப் பெரிதும் ஈர்த்தது ஐந்து மூலைகள் கொண்ட பெல்ஜிக்காக் கோட்டை அன்று. ஓர் ஓட்டு வீடு. இந்தோனேசிய விடுதலை வீரர் முகமது ஹத்தாவையும் சுதான் ஷாரிரையும் டச்சு அரசு 1936இல் இத்தீவிற்கு நாடு கடத்தியது. ஹத்தா 16 பெட்டி நூல்களுடன் வந்திறங்கினார். அவரும் ஷாரிரும் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொல்லிக் கொடுத்தனர். அவ்வீட்டில் அச்சிறு மேசைகளும் கரும்பலகையும் இன்றும் உள்ளன. கையில் ஒரு வெண்கட்டி இருந்திருப்பின் ஏதேனும் எழுதியிருப்போம். 1942இல் ஜப்பானியர் நெருங்கியபோது அவர்களை ஏற்றிச்செல்ல ஒரு கடல் விமானம் வந்தது. ஷாரிர் தாம் வளர்த்த சிறுவர்களை விட்டுச்செல்ல மறுத்தார். விமானத்தில் இடமில்லை. ஹத்தாவின் பெட்டிகள் கரையில் விடப்பட்டன, சிறுவர்கள் ஏறினர். பின்னர் ஹத்தா துணை அதிபராகவும் ஷாரிர் முதற் பிரதமராகவும் ஆயினர். பண்டாவில் இரு தீவுகள் இன்று அவர்தம் பெயரைத் தாங்குகின்றன.

குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே இன்றைய பண்டா மக்களுள் பெரும்பாலோர். ஆயினும் பழைய மண்ணின் வழக்கங்களை அவர்கள் தமதாக்கிக் கொண்டனர். நீண்ட போர்ப்படகுகளைத் துடுப்பிட்டுச் செலுத்தும் போட்டி நடைபெறுகின்றது. சக்கலேலே என்னும் போர் நடனத்தில் கொல்லப்பட்ட 44 பெரியோரை நினைவுகூர்கின்றனர். பெரிய பண்டாவின் பழைய கிணற்றைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர்கூடி நெடிய வெள்ளைத் துணி கொண்டு தூய்மை செய்யும் சடங்கும் உண்டு.

மொழி மட்டும் அங்கில்லை. பழைய பண்டா மொழியை இன்று பண்டாவில் பேசுவார் இல்லை. 1621இல் படகேறித் தப்பியவர்கள் தென்கிழக்கே பெரிய கெய் தீவில் இறங்கி, பண்டா எலி, பண்டா எலாட் என ஊர்களுக்குத் தம் தாய்மண்ணின் பெயரையே இட்டனர். நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்தம் பிள்ளைகளின் பிள்ளைகள் அவ்விரண்டு ஊர்களில் அம்மொழியைப் பேசுகின்றனர். அங்குச் சென்று ஒரு சொல்லேனும் கேட்டு வர விரும்பினோம். கெய் செல்லும் கப்பலுக்குப் பல நாள் காத்திருக்க வேண்டும் என்றனர். பள்ளி திறக்கும் நாளோ நெருங்கிவிட்டது.