குடிநோய்க்குத் தோழமையும் ஒரு மருந்து
(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்)



திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதிலிருந்து ஒரு குறளை ஒன்பதாம் வகுப்பில் என் அப்பாவிடம் ஒப்பித்தேன். "நல்லா படிடா" என்று தலையைத் தடவிவிட்டு, நேரே கடைக்குப் போய்விட்டார். உபதேசத்தால் குடி நிற்காது என்று அன்றே புரிந்தது. எதனால் நிற்கும் என்பதே இக்கட்டுரை.

அப்பா பூட்டுப் பட்டறைத் தொழிலாளி. லீவரை அரத்தால் ராவி ராவிச் சாவிக்குப் பொருத்த வேண்டும். காலையில் கை நடுங்கும். குடித்தால்தான் நடுக்கம் நிற்கும், நின்றால்தான் வேலை, வேலை செய்தால்தான் கூலி. கூலியில் பாதி மறுபடி கடைக்கு. நாங்கள் அதைத் திமிர் என்றே நினைத்தோம்.

குடிநோய் என்பது என்ன?

தினமும் மது சேரச் சேர, மூளையும் நரம்பும் அதற்குப் பழகிவிடுகின்றன. பழைய அளவு போதாமல் போகும். திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே கோயிலில் சத்தியம் வாங்குவதற்கு முன் டாக்டரிடம் காட்டுவது அவசியம். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-ல் இதை நோயென ஏற்றது. நம் மாநிலத்தில், கணவரை இந்நோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவர்கள், 1980-ல் சென்னையில் இதற்கென்றே சிகிச்சை நிலையம் தொடங்கினார்.

சிகிச்சையில் உடம்பு தேறும். ஆனால் வீடு திரும்பினால் அதே தெரு, அதே கடை, அதே சாயங்காலம்! அங்கேதான் தோழமை தேவைப்படுகிறது.

தோழமை பிறந்த கதை

1935 மே மாதம். அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகர், வந்த காரியம் தோற்று ஓட்டலில் தனியாக நின்றார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்திலேயே மதுக்கூடம். அவரோ தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று வந்தவர், பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். காரணம், பில் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். பாப் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐயே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கின்றனர். 1957-ல் இது இந்தியாவுக்கு வந்தது.

கூட்டம் நடக்கும் முறை

கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. பன்னிரண்டு படிகளில் முதற்படி, மதுவிடம் தோற்றேன் என ஒப்புக்கொள்வது. கடைசிப் படி, இன்னொரு குடிநோயாளிக்குக் கை கொடுப்பது. கை கொடுப்பவரும் அதனாலேயே தாமும் நிலைத்து நிற்கிறார். குடும்பத்தாருக்கென 1951-ல் 'அல்-அனான்' தோன்றியது.

சிகிச்சைக்குப் பின் அப்பாவை அழைத்துப் போனவர், முன்பு அவரோடு சேர்ந்து குடித்த ஒரு அண்ணன்தான். குடும்பத்தாரும் வரலாம் என்ற நாளில் நானும் போனேன். அப்பா எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார். எனக்குத் தலை குனிந்தது. நிமிர்ந்து பார்த்தால் அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏழாம் மாதம் தீபாவளிக்கு வழுக்கிவிட்டார். அடுத்த கூட்டத்தில் யாரும் திட்டவில்லை. "வாங்கண்ணே" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். அதற்குப் பின் பதினான்கு மாதம் ஆகிறது. நான் மாதக் கணக்குச் சொன்னால், "இன்னைக்கு ஒரு நாள், அவ்வளவுதான்டா" என்று திருத்துவார்.

முடிவுரை

அரியர் முடிந்ததற்கு ட்ரீட் என்று என்னையும் கூப்பிட்டார்கள். போகவில்லை. காரணத்தைப் பஸ்ஸில் ஒரு நண்பனிடம் மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க வீட்லயும் அதான்டா" என்றான். மூன்று வருடம் ஒரே பெஞ்சு, இருவரும் மறைத்திருக்கிறோம்!

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இருந்தால் ஒருவரிடமாவது சொல்லுங்கள். அப்பாவிடம் கேட்டுத்தான் எழுதினேன். "உன் பேரை மட்டும் போடாதே, கூட்டத்து மரபு" என்றார். போடவில்லை.