குனோங் ஜெராய்: பாறைகள் கூறும் பாடம்

கெடா மாநிலத்துச் சமவெளியில் தனித்து உயர்ந்து நிற்பது குனோங் ஜெராய். இதன் உயரம் ஏறக்குறைய 1,200 மீட்டர். பீடோங், மெர்போக் வட்டாரங்களில் பால்மரம் சீவுவோர் நாள்தோறும் காணும் மலை இது. இம்மலை எவ்வாறு உருவாயிற்று, அதனை அறிவதால் நமக்கு யாது பயன் என்பதை ஈண்டுக் காண்போம்.

கடலடியில் தோன்றிய பாறை

சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விடம் கடலாக இருந்தது. ஆறுகள் கொணர்ந்த மணலும் சேறும் கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்து பாறையாக இறுகின. பின்னர் அவை பூமியின் ஆழத்தில் புதையுண்டு, பெரும் அழுத்தத்திற்கும் வெப்பத்திற்கும் உள்ளாயின. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், உருகிய பாறைக்குழம்பு கீழிருந்து ஊடுருவிக் கருங்கல்லாக உறைந்தது. அதன் வெப்பமும் பழைய பாறைகளை மாற்றியது.

ரப்பர்ப் பால் உறைந்து, உருளைகளில் நசுங்கி, புகைவீட்டு வெப்பத்தில் உலர்ந்து ஷீட்டாவதை நாம் அறிவோம். பொருள் ஒன்றே, தன்மையோ வேறு. அவ்வாறே இப்பாறைகளும் உருகாமலே தன்மை மாறின. ஆகவே இவற்றை உருமாறிய பாறைகள் என்கிறோம். மணற்பாறை, மிகக் கடினமான குவார்ட்சைட் ஆயிற்று. சேற்றுப்பாறை, மைக்கா மின்னும் ஏடுகளைக் கொண்ட சிஸ்டு ஆயிற்று.

மேலே மூடியிருந்தவற்றை மழையும் ஆறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்தன. அதனால் ஆழத்திலிருந்த பாறைகள் வெளிப்பட்டன. எளிதில் தேயாத குவார்ட்சைட் இன்றும் மலையின் உயர்ந்த பகுதிகளில் நிலைத்து நிற்கிறது.

கடாரத்தின் கல்லும் இரும்பும்

நம் முன்னோர் கடாரம் என அழைத்த நாட்டின் சின்னங்கள் இம்மலையின் அடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்துள்ளன. அங்குள்ள புக்கிட் பத்து பாஹாட் கோயில் கருங்கற்களால் கட்டப்பட்டது. சுங்கை பத்துவில் பண்டைய இரும்பு உலைகளின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன.

மழைக்காலத்தில் விழிப்பு

பாறை உறுதியானதாயினும், அதன்மேல் உள்ள மண் உறுதியானதன்று. செங்குத்தான சரிவுகளில் பெருமழை பெய்யுங்கால் நீர் ஊறிய மண் பாறையினின்று வழுக்கி ஓடையில் வீழ்கிறது. 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராயில் பெருமழை பெய்தபோது, சேறும் பாறைகளும் மரங்களும் வெள்ளத்தோடு பாய்ந்து யான், மெர்போக் பகுதிகளைத் தாக்கின. உயிர்களும் பலியாயின.

விடுமுறை நாளில் அருவிக்குச் செல்லும் நாம் பின்வருவனவற்றை மனத்திற் கொள்வோமாக:

1. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மலையுச்சி கறுத்திருந்தால் நீரில் இறங்கலாகாது.

2. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், இலையும் சுள்ளியும் மிகுதியாக மிதந்து வந்தாலும், மேலிருந்து இரைச்சல் கேட்டாலும் உடனே கரையேறி மேட்டுக்குச் செல்லவேண்டும். பொருள்களை எடுக்கத் திரும்பலாகாது.

3. இவ்வடையாளங்களைச் சிறுவர்க்கும் கற்பிக்கவேண்டும்.

அடுத்தமுறை அம்மலைப்பக்கம் செல்லும்போது, மின்னும் ஏடுகளைக் கொண்ட கல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அது கடற்சேறாயிருந்த வரலாற்றைக் கூறுங்கள். மேகத்தையும் ஓடையையும் கவனிக்கவும் அப்போதே பழக்குங்கள்.