அஞ்சறைப் பெட்டியில் பெர்முடேஷன்

பதினொன்றாம் வகுப்பில் பெர்முடேஷன், காம்பினேஷன் வந்தாலே பிள்ளைகள் சூத்திரத்தை உருப்போட்டு விடுகிறார்கள். எந்தக் கணக்குக்கு எது என்பதில்தான் தடுமாற்றம். மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் மகளுக்குச் சொல்லிக் கொடுத்து, பலன் கண்ட வழிகள் இவை.

1. கணக்கைப் படித்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இடம் மாறினால் விஷயம் மாறுமா? மார்க்கெட்டிலிருந்து முருங்கை, கத்தரி, பூசணி, அவரை, வெண்டை என ஐந்து காய் வந்திருக்கிறது. மூன்றை எடுத்துச் சாம்பாரில் போடப் போகிறோம். எதை முதலில் போட்டாலும் அதே சாம்பார்தான். ஆனால் ஒன்று சாம்பாருக்கு, ஒன்று பொரியலுக்கு, ஒன்று கூட்டுக்கு என்றால் இடம் மாறும்போது சமையலே மாறிவிடும். அதற்கு 5 x 4 x 3 = 60 வழி. இது வரிசைமாற்றம், அதாவது பெர்முடேஷன். எடுத்த மூன்று காய் தங்களுக்குள் 6 விதமாக இடம் மாறும். சாம்பாரில் அந்த ஆறும் ஒன்றே என்பதால் 60ஐ 6ஆல் வகுக்க, 10. இது சேர்வு, அதாவது காம்பினேஷன். இந்த வகுத்தல் ஏன் வருகிறது என்று புரிந்துவிட்டால் சூத்திரம் மறந்தாலும் பயமில்லை.

2. 'பிறகு' வந்தால் பெருக்குங்கள், 'அல்லது' வந்தால் கூட்டுங்கள். மாட்டுங்காவிலிருந்து குர்லாவுக்கு ரயில், பஸ், டாக்சி என்று மூன்று வழி (ஆட்டோ இந்தப் பக்கம் ஓடாது). பிறகு குர்லாவிலிருந்து செம்பூருக்கு ரயில், பஸ், ஆட்டோ. 3 x 3 = 9. அல்லது நடுவில் இறங்காமல் டாக்சியிலேயே போய்விடலாம் என்றால் இன்னொன்று கூட்டி 10.

3. தாராவியில் ஒரே மாடியில் எட்டு வீடு. தீபாவளிக்கு ஒவ்வொரு வீடும் மற்ற எல்லா வீட்டுக்கும் பலகாரம் கொடுத்தால் 8 x 7 = 56 பொட்டலம். கொடுப்பது வேறு, வாங்குவது வேறு. இரண்டிரண்டு வீடாகச் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்தால் 28 போட்டோதான்.

4. பெயர் அஞ்சறை என்றாலும் எங்கள் எவர்சில்வர் டப்பாவில் ஏழு கிண்ணம்: நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் பொடி. எத்தனை விதமாக அடுக்கலாம் என்றதும் மகள் 7 ஃபாக்டோரியல், 5040 என்றாள். டப்பாவை மேடையில் வைத்து மெதுவாகச் சுழற்றினேன். கடுகு ஜன்னல் பக்கம் போனது, வெந்தயம் அடுப்புப் பக்கம் வந்தது. கடுகுக்குப் பக்கத்தில் இருந்த சீரகம் மட்டும் அதன் பக்கத்திலேயேதான் இருந்தது. "அடுக்கு மாறவே இல்லையேம்மா!" என்று அவளே சொன்னாள். ஆறு சுழற்சியும் ஒன்றே, ஆகவே 5040ஐ 6ஆல் வகுத்து 840. வட்டமேசைக் கணக்கு எது வந்தாலும் டப்பாவைச் சுழற்றிப் பாருங்கள்.

5. ஒரே எழுத்து திரும்ப வந்தால் வகுக்க மறக்காதீர்கள். 'தாராவி'யின் மூன்று எழுத்தை 6 விதமாக மாற்றலாம். 'தாத்தா'வை 3 விதமாகத்தான், இரண்டு 'தா' இருக்கிறதே! பெட்டிப் பூட்டுக்கும் இதே கதை. மூன்று எண்ணும் நினைவிருந்து வரிசை மட்டும் மறந்திருந்தால் 6 முறை முயன்றால் போதும். அவற்றில் இரண்டு ஒரே எண் என்றால் 3 முறை.

6. ஐந்து பேர் போட்டோவில் தாத்தாவும் பாட்டியும் சேர்ந்தே நிற்க வேண்டுமா? இருவரையும் ஓர் ஆளாக எண்ணுங்கள். நான்கு பேருக்கு 24, அந்த இருவர் தங்களுக்குள் மாறி நிற்க 2, மொத்தம் 48.

7. 'குறைந்தது ஒன்று' என்று கேட்டால் நேராக எண்ணாதீர்கள். அறுசுவையில் எத்தனை விதமாகச் சுவை கூட்டலாம்? ஒவ்வொரு சுவைக்கும் 'உண்டு, இல்லை' என்று இரண்டு வாய்ப்பு. ஆறுக்கும் பெருக்கினால் 64. எதுவுமே இல்லாத ஒன்றைக் கழித்தால் 63. இது 1150இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் உள்ள கணக்கு. அவர் ஒரு சுவை 6, இரண்டு சுவை 15, மூன்று 20, நான்கு 15, ஐந்து 6, ஆறும் சேர்ந்து 1 என்று கூட்டி அதே 63க்கு வருகிறார். பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையும் 63 என்றே சொல்கிறது. திருமாலின் நான்கு கைகளில் சங்கு, சக்கரம், கதை, தாமரையை மாற்றி வைத்தால் 24 என்ற கணக்கும் லீலாவதியில் உண்டு. கேசவன் தொடங்கி நாம் சொல்லும் திருநாமங்களும் 24! பாஸ்கரரின் நூல்களைக் கற்பிக்க அவர் பேரன் மடம் நிறுவியதைச் சொல்லும் 1207ஆம் ஆண்டுக் கல்வெட்டை, நம் மகாராஷ்டிரத்துச் சாளீஸ்காவ் அருகே கண்டெடுத்தவர் மும்பை மருத்துவர் பாவு தாஜி. மாட்டுங்காவில் நாம் தினமும் நடக்கும் பாவுதாஜி ரோடு அவர் பெயரில்தான். பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போகும்போது அவசியம் சொல்லுங்கள்.

8. விடையில் சந்தேகம் வந்தால் எண்ணைச் சின்னதாக்குங்கள். எட்டு வீட்டுக்குப் பதில் மூன்று வீடு: ஆறு பொட்டலம், மூன்று போட்டோ. விரல் விட்டே எண்ணிவிடலாம்.