ஆட்டமும் இறுக்கமும்
— முன்னாள் மாணவர், இயற்பியல் துறை

நம் கல்லூரி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்டபோது, நான் நாள்தோறும் கையில் எண்ணெய் படியச் செய்யும் வேலையைப் பற்றியே எழுதலாம் என்று துணிந்தேன். இங்கிலாந்தில், பழைய கார்களைச் செப்பனிடும் சிறிய பட்டறை ஒன்றில் நான் பணிபுரிந்து வருகிறேன். வகுப்பறையில் நாம் பயின்ற நெம்புகோலும், உராய்வும், மீள்தன்மையும் அங்கே இரும்பாகவும் ரப்பராகவும் உருக்கொண்டு நிற்கின்றன. அவற்றுள் ஒரு பாடத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். தேய்ந்து தளர்ந்துபோன ஸ்டியரிங்கையும் சஸ்பென்ஷனையும் மீண்டும் கட்டுக்குள் கொண்டுவருவது எப்படி என்பதே அது.

எடுத்துக்காட்டாகக் கொள்ளும் வண்டி

எம்.ஜி.பி. என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் 1962 ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் ஆலையில் 1980 வரை உற்பத்தியான இவ்வகைக் கார்களின் எண்ணிக்கை 5 இலட்சத்திற்கும் மேல். எளிய அமைப்பும், எளிதில் கிடைக்கும் உதிரிப் பாகங்களும் இருப்பதால் இன்றும் ஏராளமான வண்டிகள் சாலையில் ஓடுகின்றன.

இதன் முன்பகுதி அமைப்பு மிகப் பழையது. பின்னாளில் மினி காரை வடிவமைத்துப் புகழ் பெற்ற அலெக் இஸிகோனிஸின் கைவண்ணத்தில் உருவாகி, 1947-இல் வந்த எம்.ஜி. ஒய் வகைக் காரில் இடம்பெற்ற அமைப்பின் வழித்தோன்றல் அது. ஒவ்வொரு முன்சக்கரத்திற்கும் ஒரு சுருள் ஸ்பிரிங் உண்டு. கீழே கவட்டை வடிவில் ஒரு கை உண்டு. மேலே இருக்கும் கையோ அதிர்ச்சித் தாங்கியின் கையேதான். இவ்விரு கைகளுக்கும் நடுவே கிங் பின் என்னும் செங்குத்தான எஃகுத் தண்டு நிற்கிறது. சக்கரம் அதைச் சுற்றியே இடமும் வலமும் திரும்புகிறது. திருப்பும் வேலையைச் செய்வது ஒரு பற்சட்டமும் அதனோடு இணையும் சிறு பற்சக்கரமும் ஆகும்.

சிறு ஆட்டம், பெரு விலகல்

நம் ஊர்ப் பட்டறைகளில் இணைப்புகள் தளர்ந்திருப்பதை 'ஆட்டம் இருக்கிறது' என்பார்கள். இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த ஆட்டம் எவ்வளவு இருந்தால் கேடு?

ஸ்டியரிங் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்ப ஏறத்தாழ 3 சுற்றுகள், அதாவது 1080 பாகை வேண்டும். அதற்குள் சாலையிலுள்ள சக்கரம் திரும்புவதோ சுமார் 70 பாகைதான். எனவே விகிதம் ஏறக்குறைய 15-க்கு 1. வளையத்தின் ஆரம் 8 அங்குலம் என்றும், அதன் விளிம்பில் 1 அங்குல ஆட்டம் இருக்கிறது என்றும் கொள்வோம். இது வளையத்தில் சுமார் 7 பாகை. சக்கரத்தில் அரைப் பாகை. அரைப் பாகைதானே என்று தோன்றும். ஆனால் முன்சக்கரம் திரும்பினால் வண்டி சாய்கோட்டில் போவதில்லை, வட்டத்தில் போகிறது. இரு அச்சுகளுக்கும் இடைப்பட்ட நீளம் 2.31 மீட்டர். டயரின் நழுவலை ஒதுக்கிவிட்டு வடிவக் கணக்காக மட்டும் பார்த்தால், வட்டத்தின் ஆரம் சுமார் 275 மீட்டர். 20 மீட்டர் ஓடுவதற்குள் வண்டி 70 சென்டிமீட்டருக்கும் மேல் விலகியிருக்கும். மணிக்கு 60 மைல் வேகத்தில் 20 மீட்டரைக் கடக்க ஒரு வினாடிகூட ஆகாது. எதிரே லாரி வரும் குறுகிய சாலையில் இந்த 70 சென்டிமீட்டர் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கண்காணிப்பார் இல்லாத நிலை

பிரிட்டனில் வண்டிகளை ஆண்டுதோறும் சோதிக்கும் முறை 1960-இல் ஏற்பட்டது. எனினும் 2018 மே மாதம் முதல், 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு இக்கட்டாயச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. எம்.ஜி.பி. உற்பத்தி 1980-இல் நின்றுவிட்டதால், மாற்றம் செய்யப்படாத எல்லா எம்.ஜி.பி. வண்டிகளும் இன்று இந்த விலக்கிற்குள் வந்துவிட்டன. விரும்பினால் சோதனைக்குக் கொண்டு செல்லலாம், ஆனால் கட்டாயமில்லை. அதே சமயம், பழுதுள்ள வண்டியைச் சாலையில் ஓட்டுவது இன்றும் குற்றமே. ஆகவே பொறுப்பு முழுவதும் உரிமையாளர் மீதும், அவர் நம்பும் தொழிலாளி மீதும் விழுகிறது. ஆட்டம் எங்கே என்று தேடும் கலையை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

முறுக்குவதற்கு முன் தேடுக

வண்டி அலைகிறது என்று உரிமையாளர் சொன்னதும் பலர் நேரே பற்சட்டத்திற்குச் செல்வார்கள். அதன் உறையில், பற்சட்டத்தைப் பற்சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கும் ஒரு தாங்கி உண்டு. அங்குள்ள மெல்லிய தகடுகளுள் ஒன்றை எடுத்துவிட்டால் பிடி இறுகும். ஆட்டமும் குறைந்தாற்போல் தோன்றும். இது தவறான வைத்தியம். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பற்சட்டம் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கிறது. இருபுறமும் ஏறக்குறையப் புதிதாகவே இருக்கிறது. தேய்ந்த நடுவுக்கு ஏற்ப இறுக்கினால், தேயாத ஓரங்களில் அது சிக்கிப் பிடிக்கும்.

எங்கள் பட்டறைக்கு அப்படி ஒரு வண்டி வந்தது. முன்னர் வேறோரிடத்தில் பற்சட்டத்தை நன்றாக இறுக்கி அனுப்பியிருந்தார்கள். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை. நேர்ச்சாலையிலோ வண்டி முன்போலவே அலைந்தது. உண்மையான ஆட்டம் கிங் பின்னின் அடிமுனையில் இருந்தது. கிரீஸ் உலர்ந்து கல்லாகி, அங்கிருந்த இணைப்பு தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. தகடுகளை உரிய அளவுக்கு மீட்டு, கிங் பின்னைப் புதுப்பித்த பின்பே வண்டி வழிக்கு வந்தது.

ஆகவே தேடும் வரிசையை மனத்தில் பதித்துக்கொள்வது நன்று.

முதலாவது, டயரின் காற்றழுத்தம். காற்றுக் குறைந்த டயரும் வண்டியை அலைய வைக்கும்.

இரண்டாவது, சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்குகால் வைத்தபின், மேலும் கீழும் கைகொடுத்துப் பிடித்து ஆட்டிப் பார்த்தல். ஆட்டம் தெரிந்தால், மற்றொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் குறை சக்கரத்தின் பேரிங்கில் உள்ளது. மறையாவிட்டால் கிங் பின்னிலோ அதன் இணைப்புகளிலோ உள்ளது. இரண்டையும் இவ்வளவு எளிதாகப் பிரித்தறிய முடிகிறது. பேரிங்கிற்கு அங்குலத்தின் ஆயிரத்தில் 2 முதல் 4 பங்கு வரை இடைவெளி இருக்கவே வேண்டும். அறவே ஆட்டமில்லாமல் இறுக்கினால் பேரிங் சூடேறி அழியும்.

மூன்றாவது, சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுதல். இதில் இணைப்புத் தண்டின் முனையிலுள்ள பந்து மூட்டுகளும் பற்சட்டமும் சோதிக்கப்படுகின்றன. ஒருவர் ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். ஸ்டியரிங் தண்டிலுள்ள மூட்டையும், பற்சட்ட உறையைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் விட்டுவிடலாகாது.

நான்காவது, அதிர்ச்சித் தாங்கி. இவ்வண்டியில் அதன் கையே மேற்கை என்று முன்னர்ச் சொன்னேன். எனவே அதன் சுழல்தண்டு தேய்ந்தால் எண்ணெய் கசிவதோடு சக்கரத்தின் நிலையும் தளர்கிறது. எண்ணெய் ஊற்றி நிரப்புவதால் தேய்வு ஆறாது.

ஐந்தாவது, பின்புறம். பின் அச்சைப் பட்டை ஸ்பிரிங்குகள்தாம் அதன் இடத்தில் நிறுத்துகின்றன. அவற்றின் முனைகளிலுள்ள ரப்பர் புஷ்கள் நைந்தால் அச்சு சற்றே கோணி, பின்சக்கரங்களும் வண்டியைத் திருப்பத் தொடங்கும். முன்புறத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் இதை ஒருநாளும் கண்டுபிடிக்கமாட்டார்.

புதுப்பிக்கும் முறை

கிங் பின்னுக்குப் புதிய புஷ்களை அழுத்திச் செலுத்திய பின், அவற்றின் உட்துளையைச் சரியான அளவுக்குச் சீவ வேண்டும். புதிய தண்டு அதில் கையால் திரும்ப வேண்டும். ஆனால் ஆடக் கூடாது. இதற்குரிய கருவி இல்லாதவர் அவ்வேலையை எந்திரப் பட்டறையில் கொடுத்துச் செய்வதே நலம். ஒவ்வொரு பக்கமும் 3 கிரீஸ் முனைகள் உள்ளன. 3,000 மைலுக்கு ஒருமுறை, சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திச் சுமையை நீக்கிவிட்டுக் கிரீஸ் செலுத்தினால், சுமை தாங்கும் பக்கத்திலும் அது பரவும்.

கீழ்க்கையின் உள்முனைகளில் தொடக்கத்தில் இரு துண்டுகளாலான ரப்பர் புஷ்கள் இருந்தன. 1973-இல் வந்த எட்டு சிலிண்டர் வகைக்கு எஃகுக் குழலோடு ஒட்டிய ஒரே துண்டுப் புஷ்ஷைப் பொருத்தினார்கள். அது மற்ற வகைகளுக்கும் பொருந்தும். நீண்ட நாள் உழைக்கும். இவ்வகைப் புஷ் சுழல்வதில்லை, முறுக்கேறி இயங்குகிறது. ஆதலால் வண்டி தன் முழு எடையோடு நான்கு சக்கரங்களிலும் நின்றபின்பே இறுதியாக நட்டுகளை இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் ஓயாத முறுக்கில் கிடந்து விரைவில் கிழியும்.

ஓர் எச்சரிக்கை. அழுத்தப்பட்ட சுருள் ஸ்பிரிங்கில் தேங்கியிருக்கும் ஆற்றல் அழுத்தத் தொலைவின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது என்பது நாம் படித்த வாய்பாடு. ஸ்பிரிங்கின் அடித்தட்டுக்குக் கீழே ஜாக்கியை முட்டுக்கொடுத்து, சிறிது சிறிதாக இறக்கியே அதைக் கழற்ற வேண்டும். அவசரப்படுகிறவருக்கு அந்த வாய்பாடு எலும்பு முறிவில் விளங்கும்.

எல்லாம் முடிந்த பிறகே சக்கரங்களின் நேர்மையைச் சரிபார்க்க வேண்டும். முன்சக்கரங்களின் முன்விளிம்பு இடைவெளி, பின்விளிம்பு இடைவெளியைக் காட்டிலும் 1/16 முதல் 3/32 அங்குலம் வரை குறைந்திருத்தல் வேண்டும். அச்சின் உயரத்தில் அளந்து, இருபுறத் தண்டுகளையும் சம அளவில் திருகுவது முறை. தேய்ந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு இந்த அளவைச் சரிசெய்வது, ஆடும் முக்காலியில் தராசை வைத்து நிறுப்பதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

இறுக்கம் என்பது நட்டில் இல்லை. ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய இடைவெளியோடு தன் இடத்தில் நிற்பதில் இருக்கிறது. பேரிங்கிற்குச் சிறு இடைவெளி வேண்டும். புஷ்ஷுக்கு நெகிழ்வு வேண்டும். பற்சட்டத்திற்கு எளிய ஓட்டம் வேண்டும். நம் வீட்டு மிதிவண்டியின் கைப்பிடி ஆடினாலும் இதே விதிதான். ஸ்பேனரைக் கையில் எடுக்கும்முன், ஒருவரை ஆட்டச் சொல்லி ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துப் பாருங்கள். தேய்ந்தது எது என்று தெரிந்துவிட்டால், பாதி வேலை முடிந்தது.